ஷர்லி, லேனா... அப்புறம் நம்ம முகம்!



'ஹீரோயின்னா வெள்ளையாத்தான் இருக்கணுமா?', 'இந்திப் படத்துல தமிழன்னா பட்டை போட்டுக்கிட்டு அய்யய்யோன்னுதான் கத்தணுமா?' - கேன்டீன்ல டீ ஆறுற வரைக்கும் நாம போடுற சண்டை இது. டைரக்டரைத் திட்டுவோம், சேனலைத் திட்டுவோம், விளம்பரக் கம்பெனியைத் திட்டுவோம். எல்லாம் நியாயம்தான். ஆனா, அவங்க எல்லாருக்கும் முன்னாடியே 'எது நார்மலான முகம்'னு முடிவு பண்ணிட்ட ஆள் ஒருத்தர் இருக்கார். அவரை மட்டும் யாரும் திட்டுறதே இல்லை. யார் தெரியுமா? இன்ஜினீயர். ஆமா பாஸ், நம்ம ஆளுதான்!

முதல்ல ஷர்லி கதை. ஃபிலிம் ரோல் காலத்துல, போட்டோ பிரின்ட்ல கலர் சரியா வந்திருக்கான்னு பார்க்க லேப்ல ஒரு மாதிரி அட்டை வெச்சிருப்பாங்க. 1950-கள்ல இருந்து அமெரிக்காவின் கோடக் கம்பெனி அனுப்பின அட்டையில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல்ல போஸ் கொடுத்தவங்க ஷர்லி, அந்தக் கம்பெனியிலயே வேலை பார்த்தவங்க. அப்புறம் எத்தனையோ பெண்கள் மாறினாலும் அட்டைக்கு 'ஷர்லி கார்டு'ங்கிற பேரே நிலைச்சிடுச்சு. ஷர்லியோட தோல் நிறம் அட்டையில இருக்கிற மாதிரியே வந்துட்டா போதும், மிஷின் பாஸ்!

மத்த நிறத்துக்காரங்க? வெள்ளைக் குழந்தையும் கறுப்பினக் குழந்தையும் பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா, ஒரு முகம் பளிச்சுனு விழும். இன்னொண்ணுல கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். இந்தக் கதையைத் தோண்டி எடுத்தவங்க கனடா ஆய்வாளர் லோர்னா ராத். கோடக்ல வேலை பார்த்தவங்ககிட்ட பேசி, 2009-ல எழுதினாங்க. அதுல என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. பழுப்பு நிறத்தை ஃபிலிம் சரியாப் பிடிக்கணும்னு கம்பெனியை அசைச்சுப் பார்த்தது கறுப்பின அம்மாக்களோட வருத்தம் இல்லை. 'எங்க மர மேஜையோட ரேகையே தெரியலை'ன்னு ஃபர்னிச்சர் கம்பெனிகளும், 'டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசமே தெரியலை'ன்னு சாக்லேட் கம்பெனிகளும் கொடுத்த புகார்தான்! வெள்ளை, கறுப்பு, ஆசிய முகம் மூணும் சேர்ந்த அட்டை வர 1990-கள் ஆகிடுச்சு.

அந்த மஞ்சள் டப்பா ஃபிலிம் நம்ம ஊர் ஸ்டூடியோவுக்கும்தான் வந்தது. போட்டோவுல முகம் இருட்டா விழுந்தா 'இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம்'னு நம்ம முகத்தைத்தானே குறை சொன்னோம்? ஃபிலிம் மேல யாருக்கு சந்தேகம் வந்தது?

அடுத்து லேனா. இமேஜ் பிராசஸிங் பேப்பர் எழுதின மக்களுக்கு இவங்களைத் தெரியாம இருக்காது. தொப்பி போட்டு, தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கிற அந்தப் பெண்! படத்தை எப்படிச் சுருக்கறது, எப்படித் துலக்கறதுன்னு எதைச் சொல்லித் தந்தாலும் உதாரணத்துக்கு இவங்கதான் வருவாங்க. ஸ்வீடனைச் சேர்ந்த மாடல். 1973-ல அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல டெஸ்ட் பண்ண ஒரு படம் தேவைப்பட்டது. கையில கிடைச்சது 1972 நவம்பர் மாத 'பிளேபாய்' பத்திரிகை. அதோட நடுப்பக்கத்துல ஆடையில்லாம இருந்த பெண்ணோட படத்தை, தோள் வரைக்கும் ஸ்கேன் பண்ணி எடுத்துக்கிட்டாங்க. அது அப்படியே உலகம் பூரா பாடமாயிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஆசை ஆசையா இன்ஜினீயரிங் படிக்க வர்ற ஒரு பெண்ணுக்கு, அந்தப் பாடத்துல அறிமுகமாகிற பெண் முகம் ஒரு விஞ்ஞானியோடது இல்லை. ஆம்பளைங்க ரசிக்க எடுத்த ஒரு படத்தோட ஒரு பகுதி! 'மாடலிங்குக்கு ஓய்வு கொடுத்தேன், டெக்னாலஜிக்கும் ஓய்வு கொடுக்கிறேன்'ங்கிற பாணியில, 2019-ல வந்த ஒரு டாகுமென்டரியில லேனாவே தன்னை விட்டுடச் சொல்லிட்டாங்க. ஐ.ட்ரிபிள்.ஈ. கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல் இந்தப் படம் இருக்கிற புதுக் கட்டுரைகளை ஏத்துக்கிறது இல்லை. ஐம்பது வருஷம் ஆகியிருக்கு இதுக்கு!

'அட, டெஸ்ட் பண்ற போட்டோதானே... இதுல என்ன இருக்கு?'னு கேட்கிறீங்களா? இருக்கே!

ஜாய் புவோலம்வினி - அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில படிச்ச கறுப்பினப் பெண். முகத்தைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் முன்னாடி உட்கார்ந்தா, அவங்க முகம் அதுக்குத் தெரியவே இல்லை. ஒரு வெள்ளை முகமூடியை மாட்டினதும் டக்குனு தெரிஞ்சது! விட்டாங்களா? டிம்னிட் கெப்ருவோட சேர்ந்து, ஆப்பிரிக்காவுல மூணு, ஐரோப்பாவுல மூணுன்னு ஆறு நாடுகளோட எம்.பி.க்கள் போட்டோவை எடுத்து, மூணு பெரிய கம்பெனிகளோட சாஃப்ட்வேரைச் சோதிச்சு, 2018-ல ரிசல்ட்டை வெளியிட்டாங்க. கேள்வி ரொம்ப சிம்பிள்: இது ஆணா, பெண்ணா? வெளிர் நிற ஆண்கள் விஷயத்துல தப்பு அதிகபட்சம் 0.8 சதவிகிதம். கருநிறப் பெண்கள் விஷயத்துல 34.7 சதவிகிதம் வரைக்கும் போச்சு. இந்த ரிசல்ட் வந்த பிறகுதான் கம்பெனிகள் ஓடி ஓடித் திருத்தினாங்க.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஃபைனல் இயர்ல பாதிப் பேர் புராஜெக்ட் 'முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற மிஷின்'. வகுப்புல 50 பேர்னு வைங்க. 46 பேரை சரியாக் கண்டுபிடிச்சா, 92 சதவிகிதம்னு ரிப்போர்ட்ல கொட்டை எழுத்துல போட்டுடுவோம். மிச்சம் 4 பேர் யாரு? அந்த வகுப்புல கருநிறப் பெண்கள் மொத்தமே 8 பேரா இருந்து, தப்பா விழுந்த 4 பேரும் அவங்கள்லயே இருந்தா? அவங்களைப் பொறுத்தவரைக்கும் உங்க மிஷின் 50 சதவிகிதம்தான். பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி! தினமும் முதல் பெஞ்சுல உட்கார்ந்தும், 75 சதவிகிதம் அட்டெண்டன்ஸ் இல்லைன்னு பரீட்சை ஹாலுக்கு வெளியில நிற்கப் போறது அந்தப் பொண்ணு.

அதனால மக்களே, புராஜெக்ட்டுக்கு ரூம்மேட் நாலு பேர் போட்டோவை மட்டும் வெச்சு ஒப்பேத்தாதீங்க. பெண்கள், ஆண்கள், கறுப்பு, மாநிறம், சிவப்பு, மணிப்பூர்ல இருந்து வந்து படிக்கிற ஜூனியர், முக்காடு போட்ட தோழி - எல்லார்கிட்டேயும் கேட்டு, சம்மதம் வாங்கிப் படம் எடுங்க. ரிசல்ட்டை மொத்தமா ஒரே நம்பராப் போடாம, யார் யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு ஒரு டேபிள் போடுங்க. கூடுதலா அரைப் பக்கம்தான் ஆகும்.

வைவாவுல எக்ஸ்டர்னல் இதைக் கேட்க மாட்டார்னுதான் நினைக்கிறேன். நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லுங்க!