கிளஸ்டருக்கு யார் பொறுப்பு?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை முடிச்சூரையும் பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் மூழ்கடித்தபோது, மும்பை ரீஜனில் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் நனையவில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்தான் கரண்டும் சிக்னலும் இல்லாத வீடுகளில் மாட்டிக்கொண்டார்கள். 2015 டிசம்பரிலும் இதே கதைதான். தாம்பரம் மெப்ஸ் முதல் சிறுசேரி வரை மென்பொருள் நடத்தும் நம் வாசகர்கள், குபெர்னெட்டிஸ் கிளஸ்டரா, சர்வர்லெஸ் கன்டெய்னரா என்று விவாதிக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நடுராத்திரியில் நோட் விழுந்தால் யாரை எழுப்புவீர்கள்? அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்து யாரை?

இரண்டாவது கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாத நிறுவனம் கிளஸ்டர் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே நம் கருத்து.

இ.கே.எஸ்., ஜி.கே.இ., ஏ.கே.எஸ். எதை எடுத்தாலும் வழங்குநர் முழுப் பொறுப்பு ஏற்பது கன்ட்ரோல் பிளேனுக்கு மட்டும். கூகுளின் ஆட்டோபைலட்டும் (2021) அமேசானின் ஆட்டோ மோடும் (2024) நோட்களின் சுமையைப் பெருமளவு குறைத்தன, உண்மை. ஆனாலும் ஆப்பரேட்டர்கள், ஹெல்ம் சார்ட்டுகள், பதிப்பு மாறும்போது உடையும் யாமல் கோப்புகள் எல்லாம் நம் தலையில்தான்.

பதிப்பு என்றதும் நின்று பேச வேண்டியிருக்கிறது. குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு 3 பதிப்புகள் வெளியிடுகிறது. இ.கே.எஸ்.ஸில் ஒரு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 14 மாதம். அதற்குப் பிறகும் அதிலேயே உட்கார்ந்திருந்தால், மணிக்கு 0.10 டாலராக இருந்த கிளஸ்டர் கட்டணம் 0.60 ஆகிவிடும், மாதக் கணக்கில் 73 டாலர் 438 ஆகிறது. அப்கிரேடு செய்ய ஆள் ஒதுக்காத குழு கட்டும் அபராதம் இது. அப்கிரேடைத் தள்ளிப்போடுவதற்கும் காரணம் உண்டு. 1.22 பதிப்பில் பழைய இன்கிரஸ் ஏ.பி.ஐ. போயிற்று, 1.24இல் டாக்கர்ஷிம் போயிற்று, 1.25இல் பாட் செக்யூரிட்டி பாலிசி போயிற்று. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திய இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் திட்டத்துக்கு 2026 மார்ச்சோடு பராமரிப்பு முடியும் என்று 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவில் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவர் யார்?

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. இ.கே.எஸ்.ஸில் டி3.மீடியம் நோட் ஒன்றில், இயல்பான அமைப்பில், 17 பாட்களுக்கு மேல் ஏறாது. ஒவ்வொரு பாடுக்கும் தனி ஐ.பி. வேண்டும், அந்த அளவு மெஷினுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். சி.பி.யூ. முக்கால்வாசி சும்மா கிடக்கும், புதிய பாட் மட்டும் 'பெண்டிங்' என்று நிற்கும். புதிதாகச் சேர்ந்த பையன் மெமரியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துச் சாயங்காலம்வரை ஓட்டிவிடுவான்.

ஃபார்கேட் (2017), கிளவுட் ரன் (2019), அஷூர் கன்டெய்னர் ஆப்ஸ் (2022) மூன்றும் இந்தத் தலைவலியைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்கின்றன. மேடவாக்கம், பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: சொந்த போர் போட்டால் மோட்டாரையும் நாமே பார்க்க வேண்டும், லாரித் தண்ணீருக்கு லோடுக்குத்தான் காசு, ஆனால் லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பைவிடப் பெரிய சிக்கல்கள் வேறு இருக்கின்றன. மாதக் கடைசியில் மட்டும் சூடுபிடிக்கும் சம்பளப் பட்டியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கிளவுட் ரன்னுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனால் 'உங்கள் பே ஸ்லிப் தயாராகிறது' என்று பதில் அனுப்பிவிட்டு, பின்னணி த்ரெட்டில் பி.டி.எஃப். செய்யும்படி எழுதியிருந்தால் அது பாதியில் தூங்கிவிடும். கோரிக்கைக்குக் காசு வாங்கும் முறையில், பதில் போனதும் சி.பி.யூ. கிட்டத்தட்ட நிறுத்தப்படுகிறது. இன்னொன்று: 100 இன்ஸ்டன்ஸ்கள் எழுந்து ஒவ்வொன்றும் 10 இணைப்புகளைத் திறந்தால், போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு வரம்பான 100 எந்த மூலைக்கு? கன்டெய்னர் தாங்கும், டேட்டாபேஸ் விழும். வரிசையும் கனெக்‌ஷன் பூலரும் வைக்காமல் சர்வர்லெஸ்ஸுக்குப் போகாதீர்கள்.

விலை விவாதத்தில் இரு தரப்பும் பாதிக் கணக்கே போடுகின்றன. வர்ஜீனியா ரீஜனின் பட்டியல் விலைப்படி 2 வி.சி.பி.யூ., 8 ஜி.பி. ஃபார்கேட்டில் மணிக்குச் சுமார் 0.117 டாலர்; அதே அளவு எம்5.லார்ஜ் 0.096 டாலர். ஃபார்கேட் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் நோட் முழுக்க நிரம்பியிருந்தால்தான் அந்த லாபம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ரிக்வெஸ்ட் அளவுகளைத் தாராளமாகக் கேட்டு வைக்கும் நம் பழக்கத்தில் நோட் 60 சதவீதம் நிரம்பினாலே அதிகம். அங்கேயே லாபம் கரைந்துவிடுகிறது.

பிறகு ஏன் சிறிய குழுக்களும் கிளஸ்டருக்கே போகின்றன? பயோடேட்டாவுக்காக. வேலை விளம்பரம் குபெர்னெட்டிஸைக் கேட்கிறது, பயிற்சி மையம் அதைக் கற்றுக்கொடுக்கிறது, கற்றவர் அலுவலகத்தில் அதைப் போட்டுப் பார்க்கிறார். அவர் இரண்டு வருடத்தில் நல்ல சம்பளத்துக்கு ஓ.எம்.ஆரில் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவார். கிளஸ்டர் இங்கேயே இருக்கும்.

கிளஸ்டரே சரியான இடங்களும் உண்டு: இரவு பகல் ஒரே சீராகச் சுமை உள்ள சேவைகள், நோடுக்கு ஒன்று என ஏஜென்ட் ஓட்ட வேண்டியவை, நிலையான டிஸ்க் தேவைப்படுபவை, பல டஜன் சேவைகள் ஒன்றோடொன்று பேசும் பெரிய தயாரிப்புகள். அங்கே பிளாட்பார்ம் குழு என்று தனியாக ஒன்று இருக்கும். ஷிப்ட் போட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

மற்றவர்கள் சர்வர்லெஸ்ஸில் தொடங்கலாம். லோக்கல் டிஸ்க்கை நம்பாமல் எழுதிய இமேஜ் பின்னாளில் கிளஸ்டரிலும் அப்படியே ஓடும். ஹெல்ம், ஆப்பரேட்டர், சைட்கார் என்று வேர்விட்டதைப் பிடுங்கி எதிர்த்திசையில் வருவதுதான் கஷ்டம்.

ஏற்கெனவே கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டைச் சரிபாருங்கள்: உங்கள் பதிப்பின் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது, ஆன்-கால் பட்டியலில் உள்ள இருவரும் ஒரே ஏரியாவில் குடியிருக்கிறார்களா. ஆம் என்றால், ஒருவரையாவது கோவையிலோ மதுரையிலோ பாருங்கள்.