கார் பேட்டரியில் வீடு ஓடுமா?

புயலுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் தவித்தவர்களுக்கு, வாசலில் நிற்கும் மின்சார காரைப் பார்த்ததும் இந்த எண்ணம் வராமல் இருக்காது. நியாயமான எண்ணம்தான். 2023இல் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யின் பெரிய பேட்டரி 40.5 யூனிட் கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரியோ கணக்குக்கு 1.8 யூனிட்தான், அதையும் அடிக்கடி முழுக்க வடித்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். நாளுக்கு 10 யூனிட் செலவாகும் வீட்டை அந்தக் கார் மூன்று நாளாவது தாங்கும். ஆகவே பேட்டரி போதுமா என்று யோசிக்க வேண்டியதில்லை. காருக்கும் வீட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பேட்டரியில் இருப்பது சில நூறு வோல்ட் டி.சி. வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏ.சி. நெக்ஸான் போன்ற சில கார்கள் இந்த மாற்றத்தைத் தாங்களே செய்து, 3.3 கே.வி.ஏ. வரை வெளியே தருகின்றன. ஷோரூமில் இதை ‘வி2எல்’ என்பார்கள். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்குகளுக்கு இது தாராளம். கீசரையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துப் போட்டால் தாங்காது. சாதனங்களை காரிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருக வேண்டும். வீட்டு வயரிங்கோடு இதற்குத் தொடர்பில்லை.

சிலர் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார்கள். இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் காரைச் சுவர் பிளக் பாயின்ட்டோடு இணைத்துவிட்டால் வீடு முழுக்க விளக்கு எரியுமே என்று. எரியும். ஆனால் மெயினை அணைக்காவிட்டால் அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் அதுவே பல ஆயிரம் வோல்ட்டாக உயரக்கூடும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் போகும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போடுவது இதற்காகத்தான்.

முறையான வழியை ஜப்பான் முன்பே காட்டியிருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே மின்தட்டுப்பாடு கடுமையானது. அடுத்த ஆண்டே நிசான், லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரின் வேகச் சார்ஜிங் வாய் வழியாக டி.சி.யை வாங்கி, ஏ.சி.யாக்கி, 6 கிலோவாட் வரை வீட்டு வயரிங்குக்கே கொடுக்கும் பெட்டி அது. கார், அதன் வாய், சுவரில் உள்ள பெட்டி மூன்றும் இருவழிக்கென்றே செய்யப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். நம் ஊரில் வீட்டில் மாட்டித் தரும் சாதாரண சார்ஜர் ஒருவழிதான்.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: கூரையில் வெயில் காயும் நேரத்தில் கார் ஆபீஸ் வாசலில் நிற்கும். தினமும் சேமித்துத் தினமும் எடுக்க, வீட்டிலேயே இருக்கும் பேட்டரிதான் தோது. காரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிக்கு இங்கே வேலை உண்டு. கொள்ளளவில் கால்வாசி குறைந்தால் ஓட்டும் தூரம் இடிக்கும். வீட்டில் அது பெரிய குறையில்லை. ஃபுகுஷிமாவின் நமியே ஊரில் 2018இல் தொடங்கிய 4ஆர் எனர்ஜி ஆலை, பழைய லீஃப் பேட்டரிகளைச் சோதித்துத் தரம் பிரித்துத்தான் மறுபடி அனுப்புகிறது. அந்தச் சோதனையும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகையும் இல்லாமல் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் லித்தியம் பேட்டரியை, எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும், மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து வைக்காதீர்கள்.