மேடை யாருக்கு? நாற்காலி தூக்குவது யாரு?



ஜனவரி பொங்கல் விழாவில் தொடங்கி மார்ச் மாத ஆண்டு விழா வரை நம்ம ஊர்க் கல்லூரிகளுக்குக் கொண்டாட்டக் காலம். கல்ச்சுரல்ஸ், முத்தமிழ் விழா, விளையாட்டு விழா, ஃபேர்வெல் என்று வரிசையாக வரும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய அண்ணன், அக்கா, அப்பா, அம்மா. அதனால் இன்று இதைப் பேசுவோம்.

"ஆட்டம் பாட்டத்துல என்னங்க அரசியல்?" என்று கேட்பீர்கள். இருக்கு தோழர், நிறையவே இருக்கு.

ஒரு கல்ச்சுரல்ஸ் எப்படி நடக்கிறது? ஒரு மாதம் முன்பே கமிட்டி போடுவார்கள். மேடைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, ஸ்பான்சர் பிடிக்க ஒன்று. ஸ்பான்சர் கமிட்டிப் பிள்ளைகள் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஒருத்தர் சவுண்டு சர்வீஸ்காரரிடம் பேரம் பேசுவார். இன்னொருத்தர் முட்டிக்கொண்ட இரண்டு டிபார்ட்மென்ட்டைச் சமாதானம் செய்வார். வகுப்பில் சொல்லித்தராத படிப்பு இது. பத்துப் பேரை ஒரு வேலைக்குச் சேர்ப்பது, கையில் இருக்கிற காசுக்குள் காரியத்தை முடிப்பது, எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்பது. பொதுவாழ்க்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

ஆனால் அந்தக் கமிட்டியை யார் போட்டது?

பல கல்லூரிகளில் முதல்வர் அறையில் ஒரு பட்டியல் தயாராகும். அவ்வளவுதான். இங்கிலீஷில் தடதடவெனப் பேசுகிற பிள்ளைக்கு மைக். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு நாற்காலி தூக்குகிற வேலை. பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் பன்னீர்ச் செம்பும். பட்ஜெட் பேசும் நேரம் வந்தால், "லேட் ஆயிடும், நீ கிளம்பும்மா." பறையடிக்கத் தெரிந்த பையனுக்குத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், கூட்டம் உட்காருவதற்குள் முடிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. கேட்க ஆள் இல்லாததால் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது காசு. பாஸ் காசு, ஸ்டால் வாடகை, ஸ்பான்சர் பணம், டீஷர்ட் பணம் எல்லாம் வருகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போச்சு, மிச்சம் எங்கே? இந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற கல்லூரி உங்களுக்குத் தெரிந்து எத்தனை?

நம் நாட்டில் 1989 முதல் 18 வயதில் ஓட்டுரிமை. எம்.எல்.ஏ.வை, எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது. தன் கல்லூரி விழாவை நடத்தும் செயலாளரைத் தேர்ந்தெடுக்க மட்டும் தகுதி இல்லையாம்!

முடியாத விஷயமும் இல்லை இது. கேரளத்தில் கல்லூரித் தேர்தலில் தலைவர், செயலாளரோடு 'ஆர்ட்ஸ் கிளப் செயலாளர்' என்ற பதவிக்கும் ஓட்டுப் போடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் கலாச்சாரச் செயலாளர்களை மாணவர்களே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'சாரங்' என்ற அவ்வளவு பெரிய விழாவை மாணவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். ஐ.ஐ.டி. பிள்ளைக்கு இருக்கும் பொறுப்பு, அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைக்கு இருக்காதா?

"தேர்தல் வெச்சா அடிதடிதான் நடக்கும்" என்பது பழைய பதில். அந்தப் பயத்தில் ஞாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேர்தல் இல்லாததால் அடிதடி நின்றுவிட்டதா? பேருந்து தினக் கொண்டாட்டத்துக்கு உயர் நீதிமன்றம் 2011-ல் தடை போட்டது. அப்படியும் 2019 ஜூனில் சென்னையில் பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்ததை வீடியோவில் பார்த்தோமே. மாணவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத இடத்தில் 'ரூட்டு தல' முளைக்கிறார். ஓட்டு வாங்கி வந்தவரை அடுத்த வருஷம் மாற்றலாம். ரூட்டு தலயை எப்படி மாற்றுவது?

இந்தப் பயத்துக்கு மருந்தும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். விதி தயாராக இருக்கிறது, மனசுதான் வரவில்லை.

ஓட்டு மட்டும் வந்தால் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. 2023 நவம்பர் 25 மாலை கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை மறக்க முடியாது. கச்சேரிக்குக் காத்திருந்த கூட்டம், திடீர் மழை, அரங்கத்துக்குள் தள்ளுமுள்ளு, படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நான்கு உயிர்கள் போயின. பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள் அவர்கள். கொண்டாட்டம் நடத்துவது என்றால் கூட்டத்தை எண்ணுவது, வாசலை எண்ணுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசிப்பது. இதைப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டிவிட்டு நிர்வாகம் கை கழுவக் கூடாது. முடிவில் மாணவர்களுக்குப் பங்கு வேண்டும், பாதுகாப்புக்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

1. கல்லூரி விழாக் குழுவை மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பெண்களுக்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கும் அதில் கட்டாய இடம் வேண்டும்.

2. விழா முடிந்த இரண்டு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கு நோட்டீஸ் போர்டுக்கு வரவேண்டும்.

3. காசு கட்ட முடியாத பிள்ளை வாசலில் நிற்கக் கூடாது. அவர்களுக்கும் பாஸ் கிடைக்க வேண்டும்.

4. எத்தனை பேருக்கு இடம், எத்தனை வாசல், ஆம்புலன்ஸ் எங்கே என்பதை எழுத்தில் உறுதி செய்த பிறகே அனுமதி.

5. பாலியல் புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழு விழா நாளிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரை விசாரிக்கும்போது அந்தக் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வரவேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2015 விதிமுறையே சொல்கிறது. அதையாவது அமல்படுத்துங்கள்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சுரல்ஸுக்கு நன்கொடை கொடுத்துவிட்டு வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைப்பது, மேடையில் முன்வரிசை நாற்காலி கேட்பது, கமிட்டிக்குள் 'நம்ம பையன்' ஒருத்தனைச் செருகுவது. இதை மற்ற கட்சிக்காரர்கள் மட்டும்தான் செய்கிறார்களா? நம் ஆட்களும் செய்திருக்கிறார்கள். இனி வேண்டாம். மாணவர் தேர்தலில் கட்சிகள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று லிங்டோ குழு சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். விளக்கேற்றக் கூப்பிட்டால் போங்கள். இரண்டு நிமிடம் வாழ்த்திவிட்டுக் கீழே இறங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பறையைக் கேளுங்கள். நம் கொடி அங்கே பறக்க வேண்டியதில்லை, அவர்கள் ஓட்டுப்பெட்டி அங்கே இருந்தால் போதும்.

தம்பி, தங்கைகளே! இந்த வருஷம் கமிட்டி போடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எங்களைக் கேட்டீங்களா?" மரியாதையாகக் கேளுங்க. நாலு பேராச் சேர்ந்து கேளுங்க. பதில் வரும்வரை விடாதீங்க.

உங்கள் கல்லூரியில் விழாக் குழுவை எப்படிப் போடுகிறார்கள்? கமென்டில் எழுதுங்கள், படிக்கிறோம்.

#மாணவர்தேர்தல்வேண்டும் #கணக்கைக்காட்டு #எங்களைக்கேட்டீங்களா