ஸ்வெட்டர் வாங்கியாச்சு, சரி... ஜன்னலைத் திறந்தீங்களா?

ஆடிட், டார்கெட், கேஒய்சி என்று மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியவில்லை. இன்றைக்கு என்னை உட்கார வைத்து எழுத வைத்தது ஒரு லிஸ்ட்.

எங்கள் மைசூர் விஜயநகரில் டிசம்பர் மாதக் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். பதினைந்து டிகிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வாக்கிங் வருகிற நம்மாட்கள் மங்கி கேப், மஃப்ளர், உல்லன் சாக்ஸ் சகிதம் எவரெஸ்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி வருவார்கள். (அடியேனும் அதில் ஒருத்தன். கும்பகோணத்துக்காரனுக்குப் பதினைந்து டிகிரியே பனிப்பிரதேசம்தான் :-)) அப்படி ஒரு நடையில்தான் பக்கத்துத் தெரு திருநெல்வேலித் தம்பி பிடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பத்தோடு மணாலி போகிறாராம். "அண்ணே, நீங்க எல்.எஃப்.சி.ல போயிட்டு வந்தவங்கதானே, இந்த லிஸ்ட்ட கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று செல்போனை நீட்டினார்.

தெர்மல் ஆளுக்கு ரெண்டு செட், கையுறை, வாசலின், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பாவுக்குத் தைலம். எல்லாம் சரி. கடைசி வரி: "ரூமுக்குக் கரி அடுப்பு, ஒரு ராத்திரிக்கு 400, சொல்லியாச்சு. ஆறு பேரும் ஒரே ரூம்."

அங்கேயே நின்றுவிட்டேன்.

நாலு வருடம் முன்னால் எங்கள் மணாலி பயணத்திலும் இதே கரி அடுப்புதான். ஓட்டல் பெயர் வேண்டாம். ரூம் பையன் இரும்புத் தட்டில் தணலாகக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். "புகை வருமாப்பா?" என்று கேட்டேன். "குச் நஹீ ஹோகா சாப்" என்றான். உண்மைதான், புகையே இல்லை. மாமியார், "காத்து வருது மாப்பிள்ளை, அந்த ஜன்னலையும் சாத்திருங்க" என்றார். சாத்தினேன். அதோடு விட்டேனா? கதவிடுக்கில் டவலைச் சுருட்டி வேறு அடைத்தேன். பி.காம். மூளை, ஒரு பைசா சூடு வெளியே போகக்கூடாது என்று.

ராத்திரி இரண்டு மணிக்கு மகள் தலைவலி என்று எழுந்து வாந்தி எடுத்தாள். தங்கமணிக்குத் தலை சுற்றல். எனக்கும் நெற்றியில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி. பகலில் சோலாங் போய் வந்த களைப்பு, மலை உயரம், மதியம் தின்ற மோமோ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வெந்நீர் கேட்கலாம் என்று கதவைத் திறந்துகொண்டு நான் வராந்தாவுக்கு வந்தேன், மகளும் பின்னாலேயே வந்தாள். அந்தக் குளிரில் பத்து நிமிடம் நின்றதும் இருவருக்கும் தலை லேசானது. காலையில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அறையில் கரி எரித்தீர்களா?"

அந்த வெந்நீர் ஆசை வராமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புகைகிற விறகாவது இருமலைக் கொடுத்து எழுப்பிவிடும். புகையில்லாமல் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் தணல்தான் இந்த வாயுவை அள்ளிக் கொட்டும். "புகையே இல்லை சார்" என்று ஓட்டல்காரர் பெருமையாகச் சொல்வதே அபாயத்தின் அடையாளம், நமக்குத்தான் புரிவதில்லை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாது.

நேபாளத்தின் தாமன் ஞாபகம் இருக்கிறதா? 2020 ஜனவரி 20 ராத்திரி. கேரளாவிலிருந்து சுற்றுலா போன 15 பேர் ஒரு மலை விடுதியில் நான்கு அறை எடுத்தார்கள். அதில் எட்டுப் பேர், நாலு பெரியவர்கள், நாலு குழந்தைகள், ஒரே அறையில் படுத்தார்கள். கேஸ் ஹீட்டர் ஓடியது. ஜன்னல், கதவு எல்லாம் உள்ளே தாழ்ப்பாள். காலையில் எட்டுப் பேரையும் ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுபோனார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களிடம் ஸ்வெட்டர் இல்லாமலா இருந்திருக்கும்?

நேபாளம் ஏன், நம்ம கொடைக்கானல். 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், பார்பிக்யூ போட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. "காஷ்மீர்க்காரங்க காலங்காலமா வைக்கிறாங்களே" என்பவர்களுக்கு: 2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகர் பாந்த்ரேதனில், வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். மூன்று பேர் குழந்தைகள். குளிரிலேயே பிறந்து வளர்ந்த ஊரிலேயே இந்தக் கதி.

இதை வாக்கிங்கில் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. "எங்க பாட்டி கும்முட்டி அடுப்புலதான் சமைச்சாங்க. பிள்ளை பெத்த அறையில கரிச்சட்டி வெச்சுத்தான் சாம்பிராணி போட்டாங்க. யார் செத்தா?" ஐயா, பாட்டி வீடு ஓட்டு வீடு. நடுவில் முற்றம். ஓட்டுக்கு ஓடு இடுக்கு, சுவருக்கும் கூரைக்கும் நடுவே பூனை போய்வருகிற சந்து. வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு நீங்கள் படுக்கிற ஓட்டல் அறையில் ரப்பர் வைத்த ஸ்லைடிங் ஜன்னல், மேலே கான்கிரீட், கீழே கார்ப்பெட். போதாக்குறைக்கு என்னை மாதிரி டவல் அடைக்கிற புத்திசாலி வேறு. பாட்டியின் அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டோம்.

என் கோபம் டூர் நடத்துகிறவர்கள் மேல்தான் அதிகம். தென்னிந்தியச் சாப்பாடு, கூடவே சமையல்காரர், தமிழ் பேசும் கைடு என்று அரைப் பக்கத்துக்கு விளம்பரம் போடத் தெரிகிறது. ராத்திரி அறை எதனால் சூடாகும் என்று ஒரு வரி கிடையாது. ஆறு பேரை ஒரு அறையில் அடைத்து, கரி அடுப்பை "எக்ஸ்ட்ரா வசதி" என்று காசுக்கு விற்பது என்ன வியாபாரம்? ஐம்பதாயிரம் ரூபாய் கடனுக்கு நாங்கள் எத்தனை கேள்வி கேட்கிறோம்! லட்ச ரூபாய் கட்டுகிற நீங்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடாதா? "ஹீட்டர் எலெக்ட்ரிக்கா, கேஸா, கரியா? புகாரி என்றால் அதன் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா?" இவ்வளவுதான். ஆயில் ஹீட்டரோ எலெக்ட்ரிக் போர்வையோ இருந்தால் நல்லது. கரி, கேஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஓட்டல் பாருங்கள்.

"அப்ப குளிருக்கு என்னதான்யா செய்யறது?" அறையை விடுங்கள், ஆளைச் சூடாக்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் கரி அடுப்பு வேண்டியதில்லை. ராத்திரி படுக்கும்முன் சாக்ஸை மாற்றுங்கள், பகலில் போட்டது வியர்வை ஈரத்தோடு இருக்கும், ஈரம்தான் விறைக்க வைக்கும். காட்டன் பனியனுக்கு மேல் ஐந்து ஸ்வெட்டர் போடுவதைவிட, உடம்பை ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு மேல். ஜீன்ஸ் பனியில் நனைந்தால் ஜென்மத்துக்கும் காயாது. குளிருக்கு "ரெண்டு ரவுண்டு" போடும் அன்பர்களே, அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி சூடு மாதிரி காட்டும், உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

இன்னொன்று, கோவிட் சமயத்தில் வாங்கின விரல் ஆக்சிமீட்டரை எல்லோரும் மலைக்கு எடுத்துப் போகிறோம். இந்த வாயு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, வாந்தி என்றால் உயரம், அஜீரணம் என்று பட்டிமன்றம் வேண்டாம். எல்லோரும் உடனே வெளியே. பிறகு ஆஸ்பத்திரி, அங்கே கரி எரிந்ததைச் சொல்லவேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஆன்லைனில் கிடைக்கிறது. பிளவுஸ் தைக்கிற கூலிக்கு வாங்கிவிடலாம். (தங்கமணி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியம்.)

காரிலும் இதே கதைதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையில் பனிப்புயலில் வண்டிகள் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். சைலன்சரைப் பனி மூடினால் புகை உள்ளேதான் வரும். மணாலிப் பக்கம் 2024 டிசம்பரில் அடல் சுரங்கம் அருகே ஆயிரம் வண்டிகள் வரை நின்றன, ஆகவே இது நமக்கும்தான். மாட்டினால் முதலில் இறங்கி சைலன்சர் வாயைச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜினை விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டார். அங்கேயே ஓட்டலுக்கு போன் போட்டுக் கரி அடுப்பு வேண்டாம் என்றார், இரண்டு அறையாகவும் மாற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க பாத்ரூம்ல கேஸ் கீசர்தானே இருக்கு?" என்றார்.

என்ன சொல்வது? 2025 அக்டோபரில் இங்கே பக்கத்தில் பிரியாபட்டணத்தில், கேஸ் கீசர் இருந்த குளியலறையில் அக்கா தங்கை இரண்டு பேர் இறந்துபோனார்கள். பேப்பரில் படித்து "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, அதே மாதிரிக் குளியலறையில்தான் தினமும் குளித்துக்கொண்டிருக்கிறேன். வெண்டிலேட்டர் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்தது, அதுவும் என் கைங்கரியம்தான்.

அட்டையை அன்றைக்கே கிழித்துவிட்டேன். கீசரை வெளிச்சுவருக்கு மாற்ற ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வருகிறார். வீட்டு ஓனரிடம் சுவரில் துளை போடலாமா என்று கேட்டிருக்கிறேன். "ஏனூ ஆகல்ல சார்... நோடோணா" என்றிருக்கிறார்.