பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம்?



பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒன்று, ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசலில் கூடுவது. மற்றொன்று, பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தை. செடிகளும் கோழிகளும் பழைய மரச்சாமான்களும் விற்கப்படும் அந்தச் சந்தையில், தார்ப்பாயை விரித்து அதன்மேல் கழற்றிய கணினிப் பாகங்களையும் ரிமோட்டுகளையும் சார்ஜர்களையும் குவித்து வைத்திருப்போரைக் காணலாம். அந்தக் குவியலைக் கிளறினால், வயர் சுற்றிய பழைய கேம் கண்ட்ரோலர் ஒன்றிரண்டு அகப்படும். சிறிய கணினி ஒன்றை வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, நம் இளமைக்கால வீடியோ கேம்களை அதில் ஓடவிட்டு, இத்தகைய கண்ட்ரோலர்களைப் பொருத்திப் பிள்ளைகளுக்குத் தருவது இப்போது நம் வீடுகள் சிலவற்றில் நடக்கிறது. இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. இரண்டையுமே நாம் மறுக்கிறோம்.

"விளையாட்டுப் பெட்டி எதுவாயினும் ஷைத்தானின் பெட்டிதான், வீட்டுக்குள் விடாதீர்கள்" என்பது முதல் கருத்து. "பத்தாயிரம் கேம் ஏற்றிய பெட்டி கடையிலேயே கிடைக்கிறது, வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை தொந்தரவு செய்யாது" என்பது இரண்டாவது. முன்னவர் பொருளைப் பாராமலே தீர்ப்புச் சொல்கிறார். பின்னவர் அதன் நன்மையை எறிந்துவிட்டுத் தீமையை விலை கொடுத்து வாங்குகிறார். நாம் சொல்வது இது: இந்தப் பொருளின் நன்மை, பிள்ளைகள் தம் கையால் அதைப் பொருத்தி அமைப்பதிலும், இருவர் அருகருகே அமர்ந்து ஆடுவதிலும் இருக்கிறது. அவ்விரண்டும் காக்கப்படுமானால் அது வீட்டுக்கு வரலாம். இல்லையேல் வேண்டாம்.

முதலில் பொருளை அறிவோம். ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கணினி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கும் ஓர் அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் தொட்டுப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காகவே அதை 35 டாலர் விலையில் கொண்டுவந்தது. அதில் ரெட்ரோபை என்னும் இலவச மென்பொருளை ஏற்றினால், 1980களிலும் 1990களிலும் இருந்த விளையாட்டுக் கருவிகளைப் போல அது இயங்கும். நம்மில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு அக்கருவிகள் புதியவை அல்ல. கேசட்டைச் செருகி, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கடையில் நின்று ஆடியவர்கள்தாம் நாம். ராஸ்பெர்ரி பை வாங்க இயலாதோர் பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் ஏற்றி, அதிலும் இதே மென்பொருளை நிறுவலாம்.

இனி, கண்ட்ரோலரைப் பொருத்தும் வேலை. ரெட்ரோபை முதன்முறை திறக்கும்போது ஆட்டம் எதையும் காட்டாது. கண்ட்ரோலரின் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கும்: மேல் எது, கீழ் எது, இடம் எது, வலம் எது, ஸ்டார்ட் எது, செலக்ட் எது? பிள்ளை ஒவ்வொன்றையும் அழுத்திக் காட்ட வேண்டும். 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட கருவியின் முதல் கண்ட்ரோலரில் நான்கு திசைகளும் நான்கு பொத்தான்களுமே இருந்தன. இன்றைய கண்ட்ரோலர்களில் பொத்தான்கள் பெருகிவிட்டன. ஆகவே திரை கேட்கும் பொத்தான் கையிலுள்ள பழைய கண்ட்ரோலரில் இல்லாமலும் போகலாம். அப்போது வேறொரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அக்கேள்வியைத் தாண்ட வேண்டும். அவசரப்பட்டுத் தவறாக அழுத்தினால், ஆட்டத்தில் இடப்பக்கம் போகச் சொன்னால் உருவம் வலப்பக்கம் போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இறுதியாகக் கேட்கப்படுவது ஹாட்கீ. வழக்கமாக அது செலக்ட் பொத்தான். அதை அழுத்தியபடியே ஸ்டார்ட்டை அழுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியேறலாம். இதைச் சரியாக அமைக்காத பிள்ளை, ஆட்டத்துக்குள் சென்றபின் வெளியே வர வழியின்றி விழிக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே வெளியேறும் வழியை அமைத்துக்கொள்ளச் சொல்கிற கருவி இது. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் உள்ள எந்த ஆட்டம் அப்படிச் சொல்கிறது?

சந்தைக் கண்ட்ரோலர்கள் வேறு பாடங்களையும் நடத்தும். விலை மலிந்த யு.எஸ்.பி. கண்ட்ரோலர்களில் பல, கணினியிடம் ஒரே பெயரைத்தான் சொல்லும். மென்பொருளோ அந்தப் பெயரில்தான் அமைப்பை எழுதி வைக்கிறது. பொத்தான் வரிசை மாறுபட்ட இரண்டு கண்ட்ரோலர்கள் ஒரே பெயரோடு வந்தால், இரண்டாவதன் அமைப்பு முதலாவதை அழித்துவிடும். அண்ணனுடையதைச் சரிசெய்தால் தங்கையுடையது கெடும். ஒரே வகையில் இரண்டாக வாங்கியிருக்க வேண்டும் என்பது அப்போது புரியும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால், கணினிக்கு மின்சாரம் போதவில்லை என்று பொருள். ராஸ்பெர்ரி பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரால் அதைத் தர இயலாது. காரணத்தைத் தேடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை. எந்தப் பட்டறையிலும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

கைவேலை நம் ஊருக்குப் புதிதன்று. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் இதே பல்லாவரத்தில், செம்பூராங்கல் சரளைக்கிடையே கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்கு உணர்த்தியது அக்கல். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் பதனிடும் நிறுவனத்தால்தான். பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் தோல் பதனிட்டுக் கை காய்த்துப்போனவர்கள் நம் சமுதாயத்திலும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கண்ணாடித் தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. ஒரு திருகைக் கழற்றத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டு, அவன் பொறியாளனாக வேண்டும் என்று துஆச் செய்கிறோம்.

இப்போது முதல் கருத்துக்கு விடை. விளையாட்டே கூடாது என்போர் மார்க்கத்தை அதன் அளவுக்கு மீறி இறுக்குகிறார்கள். பெருநாளன்று பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு விளையாடியதையும், அதை அன்னை ஆயிஷா (ரலி) பார்ப்பதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் துணை நின்றதையும், அன்னையோடு அவர்களே ஓட்டப் பந்தயம் வைத்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த வீட்டில் விளையாட்டுக்கு இடம் இருந்தது.

ஆயினும் இப்பெரியவர்களின் அச்சம் பொய்யன்று. தொழுகை தவறுவதையும் இரவு கழிவதையும் பணம் கரைவதையும் அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். நாமும் பார்க்கிறோம். தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் இயற்ற நேர்ந்தது இதனால்தான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை அனுமதியில்லை என்று 2025இல் விதியும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் கடையை மூடும். ஆனால் வெறுமையான கைக்கு வேறொன்றைக் கொடுப்பது சட்டத்தின் வேலையன்று. அது அத்தாவின் வேலை, அம்மாவின் வேலை. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு வெறும் அதட்டலை மட்டும் தரும் வீட்டில், பிள்ளை நண்பனின் கைப்பேசியைத் தேடிப் போகும்.

பழைய ஆட்டத்துக்கும் கைப்பேசி ஆட்டத்துக்கும் வேறுபாடில்லை என்போர் இவற்றை எண்ணிப் பார்க்கட்டும். பழைய ஆட்டத்துக்கு இணையம் தேவையில்லை. முன்பின் அறியாதவர் அதன் வழியே பிள்ளையோடு பேச வரமாட்டார். "இன்று வராவிட்டால் பரிசு போய்விடும்" என்று நடுத்தொழுகையில் அது மணி அடிக்காது. உயிர் தீர்ந்தால் காசு கேட்காது. முதலிலிருந்து ஆடச் சொல்லும். அதற்கு முடிவு உண்டு. எந்த ஆட்டத்தை ஏற்றுவது, எதை விலக்குவது என்பதும் நம் கையிலேயே இருக்கிறது. கூடத்துத் தொலைக்காட்சியில் ஓடுவதால் வீட்டார் அனைவரும் அதைப் பார்க்கிறார்கள். பூட்டிய அறையில் போர்வைக்குள் நடப்பதோடு இதை ஒன்றாக்கிப் பேசுவது நியாயமன்று.

இரண்டாவது கருத்துக்காரர்களிடம் நமக்குக் கடுமையான வழக்கு உண்டு. பத்தாயிரம் ஆட்டங்கள் நிரம்பிய மெமரி கார்டை ஒருவர் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார் என்றால், அவை யாருடைய உழைப்பு என்று ஒரு முறையேனும் கேட்டோமா? ரெட்ரோபையைத் தருவோர் அதனோடு உரிமையுள்ள ஆட்டங்களைச் சேர்த்துத் தருவதில்லை. அவற்றைத் தரும் உரிமை தமக்கில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் காக்கிறது. பழையதாகிவிட்டது என்பதாலேயே ஓர் ஆட்டம் பொதுச்சொத்தாகிவிடாது. அனுமதியின்றிப் பழைய ஆட்டங்களை இணையத்தில் பரப்பியோர் மீது நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது; 2018இல் அமெரிக்க நீதிமன்றம் விதித்த தொகை 1.2 கோடி டாலர். உலகச் சட்டம் கிடக்கட்டும், மார்க்கம் என்ன சொல்கிறது? 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் முடிவெடுத்தது. இறைச்சிக் கடையில் ஹலாலா என்று மூன்று முறை கேட்கும் நாம், மெமரி கார்டு வாங்கும்போது மட்டும் வாய் மூடிக்கொள்வது ஏன்?

நேர்வழியில் கிடைப்பவை போதாமலில்லை. ஜப்பானியரான டைசுகே அமயா, ஓய்வு நேரங்களில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தனியொருவராக உழைத்து, 'கேவ் ஸ்டோரி' என்னும் ஆட்டத்தை 2004இல் இலவசமாக வெளியிட்டார். அதை ரெட்ரோபையில் நிறுவி ஆடலாம். பழைய கருவிகளுக்காக இக்காலத்தில் எழுதப்பட்டு, மூல நிரலோடு சேர்த்தே வழங்கப்படும் 'நோவா த ஸ்குவிரல்', 'டோபு டோபு கேர்ள்' போன்ற ஆட்டங்களும் உண்டு. ஆர்வமுள்ள பிள்ளை அந்நிரலைத் திறந்து படித்து, தானும் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். நான்கு நல்ல ஆட்டங்கள் உள்ள பெட்டியில் பிள்ளை அந்த நான்கையும் ஆடி முடிக்கும். பத்தாயிரம் உள்ள பெட்டியில் பட்டியலைத் தள்ளித் தள்ளியே மாலை கழியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் கருவி மகன் கையில் இருக்கிறது. மகள் தோளுக்குப் பின்னே நின்று வேடிக்கை பார்க்கிறாள். கண்ட்ரோலர் ஒன்று போதும் என்று எண்ணாதீர்கள். இரண்டு வாங்குங்கள். இரண்டாவதை மகளே பொருத்தட்டும். திரை கேட்கும் கேள்விகளுக்கு அவளே விடை சொல்லட்டும். அண்ணனுடைய அமைப்பு அழிந்தால் அதை மீட்டுத் தரவும் அவளே கற்கட்டும். கணினி ஆண்பிள்ளையின் பொருள் என்ற எண்ணம் பெண்பிள்ளையின் மனத்தில் பதிவது பள்ளியில் அன்று, நம் வீட்டுக் கூடத்தில்தான்.

ஆகவே பெற்றோரிடம் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. ஆயத்தப் பெட்டி வாங்காதீர்கள்; பாகங்களை வாங்குங்கள். வயர் உள்ள, ஒரே வகையான இரண்டு கண்ட்ரோலர்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஜும்ஆவின் பாங்கு ஒலிக்கும்போது அந்தத் தார்ப்பாயின் முன் குந்தியிருக்காதீர்கள். தொழுதுவிட்டுப் போங்கள், சந்தை அங்கேயே இருக்கும். பொருத்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அருகில் அமருங்கள். தவறினால் பிடுங்கிச் செய்யாதீர்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஆடட்டும். மஃரிப் பாங்கு கேட்டதும், தாமே அமைத்த அந்த இரண்டு பொத்தான்களைத் தாமே அழுத்தி வெளியே வரப் பழகட்டும். நாம் இல்லாத இடத்திலும் அவர்களைக் காப்பது அந்தப் பழக்கம்தான்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கைகளும் நேரமும் அவ்வாறே. அந்தக் கைகளில் எதைக் கொடுத்தோம் என்று கேட்கப்படும் நாளில் தலைகுனியாமல் விடை சொல்லும் பெற்றோராக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.