வாசலில் ஒரு பாலைச் செடி



சென்ற சித்திரையில், வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் புதுவீடு மந்திரிக்கச் சென்றிருந்தேன். வீட்டுக்குடையவர் ஓமன் நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். சுவரெங்கும் மணல் நிறம். வாசற்படியின் இருமருங்கும் தொட்டிகளில், அடி பருத்து, இலையுதிர்ந்து நின்ற செடிகள். கொம்பு நுனிகளில் மட்டும் இளஞ்சிவப்புப் பூக்கள்.

தீர்த்தம் தெளித்து முடிந்ததுதான் தாமதம், அவருடைய தாயார் முறையிட்டார்: "சாமி, குடியிருக்கிற வீட்டு வாசலில் கள்ளியை வைக்கலாமா? நீங்களாவது சொல்லுங்கள்." மகன் வாய் திறக்கவில்லை. பல நாளாகவே இருவருக்கும் இதனால் பேச்சில்லையாம். மந்திரிப்பு நாளில் இப்படியா என்று எனக்கு வருத்தமாயிற்று.

அது கள்ளியன்று, அதில் முள்ளுமில்லை. பாலைவன ரோஜா என வழங்கும் அச்செடி நம் அரளியின் இனம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவின் தென்பகுதியிலும், ஓமனின் தோஃபார் மலைகளிலும் தானே வளர்வது. மழைநாளில் உறிஞ்சிய நீரைப் பருத்த அடியில் சேமித்துக்கொண்டு, வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். பூப்பதை மட்டும் விடாது. ஞானிகள் பெத்லகேமுக்குக் கொணர்ந்தது போன்ற தூபப் பிசினைத் தரும் மரமும் அம்மலைநாட்டதே என்றேன். அம்மையார் சற்றே நிமிர்ந்து தொட்டிகளைப் பார்த்தார்.

அப்போதுதான் மகன் பேசினார்: "பாறையும் மணலும் ஒரே நிறமாய்க் கிடக்கும், சாமி. அங்கே என் கண்ணுக்குக் கிடைத்த நிறம் இது ஒன்றுதான்." அவர் அந்தச் சுவர் நிறத்தைத் தேர்ந்த காரணம் எனக்கு விளங்கிற்று. பச்சைச் சுவரின் முன் இப்பூ இத்துணை எடுப்பாயிராது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 வரை, நம் வயல்களும் வெடித்து ஏறக்குறைய அந்நிறமாய்த்தானே கிடக்கின்றன! ஆயினும் ஐப்பசி அடைமழையில் அச்சுவர் பாசி பிடிக்கும் என்று சொல்லிவைத்தேன். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்கும் நம் பழைய வழக்கமே எனக்குப் பிடித்தது.

வளர்க்க விரும்புவோர் கவனிக்க: நம் வண்டல் மண் இதற்கு ஆகாது. மணலும் செங்கல் சல்லியும் கலந்து தொட்டியில் வையுங்கள். நீர் தேங்கினால் அடி அழுகும். செடியின் பாலில் நஞ்சுண்டு. ஆப்பிரிக்க வேட்டுவர் அதை அம்பு முனையில் தடவினர். குழந்தைகளுக்கு எட்டாதிருக்கட்டும்.

கார்த்திகையில் மீண்டும் அவ்வழி சென்றேன். தொட்டிகள் தாழ்வாரத்தில் ஏறியிருந்தன. "தம்பி வெளியூர் போயிருக்கிறான், சாமி. நனைந்தால் அழுகிவிடும் என்றீர்களே, நான்தான் தூக்கி வைத்தேன்" என்றார் தாயார்.

சுவரில் பாசி பிடித்திருந்தது.