பாடநூல் இலவசம், பத்து வருடம்?

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பிறகும் முன்னேறாதவர்கள் சின்ன வயது வறுமையைச் சாட்டுச் சொல்லக்கூடாதாம். இப்படி வாதிடுவோர் திருகோணமலைத் துறைமுகத்தோடு திரும்பிவிடுகிறார்கள் போலும். கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது.

2006இல் போரால் அங்கிருந்து துரத்தப்பட்ட ஆறு வயதுப் பிள்ளைக்கு, 2015-16இல் ஊர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது. இடைப்பட்ட பள்ளிக்காலம் கிளிவெட்டி போன்ற முகாம்களில், உச்சி வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின்கீழ் போயிற்று. பாடநூலை அரசு தந்தது, மறுக்கவில்லை. டியூஷன் காசுக்கு, வயலையும் கடலையும் இழந்து கூலிக்குப் போன தகப்பன் எங்கே போவார்?

அமெரிக்காவில் ராஜ் செட்டி குழுவின் 2015 ஆய்வு, வறுமை மண்டிய குடியிருப்பிலிருந்து 13 வயதுக்குமுன் பெயர்ந்த பிள்ளைகளே வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்ததைக் காட்டியது. பிந்திப் போனவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

சம்பூர்ப் பிள்ளை வீடு திரும்பியது பதினைந்து வயதில்.